இன்னும் கிட்ட

மணவைத்துறை ஸ்டேடியத்தில் மாட்டியிருந்த பெரிய திரை, வடகரைக்கும் தென்கரைக்கும் நடந்த இறுதி ஆட்டத்தின் அந்த ஒரு கோலை, அது கோல்தானா இல்லையா என்று யாருக்கும் தெரியாத அந்த ஒரு கோலை, ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும், மெயின் சுவிட்சை அணைத்த பிறகும், பின்னால் ஓடிய வயர்களையெல்லாம் கத்தரித்து மூட்டை கட்டி எடுத்துப் போன பிறகும், விடாமல் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருந்தது. ஊர் முதலில் பயந்தது. பிறகு பழகிக்கொண்டது.

ஊரை நடுவில் பிளந்துகொண்டு உப்போடை கடலுக்குப் போகிறது. அதற்கு வடக்கே வடகரை, தெற்கே தென்கரை. இரண்டு கரைக்கும் ஒரே மார்க்கெட், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மீன்பிடித் துறைமுகம். பந்து விளையாடும் அணி மட்டும்தான் இரண்டு. திரையை வாங்கி மாட்டிய அன்றே கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்கள்: நடுவர் சொன்னது சரியா தப்பா என்று சண்டை வரக்கூடிய எதையும் ஸ்டேடியத்துக்குள் திருப்பிப் போடவே கூடாது. வீட்டில் டிவி பார்த்துக் கொதிக்கிறவன் மிஞ்சிப் போனால் நாற்காலியை எட்டி உதைப்பான், கேலரியில் ஊரே ஒன்றாகக் கொதித்தால் யார் தாங்குவது? திரையை இயக்கிய காஜா முகைதீன் அதைத் தட்டாமல் கேட்டவன்தான். அன்றைக்கும் தென்கரைக்காரன் அடித்த பந்து மேல்கம்பியின் அடியில் பட்டு, கோட்டின் மேலேயோ கோட்டைத் தாண்டியோ விழுந்து வெளியே துள்ளியபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் "கோல் இல்லை" என்று கையை வீசியபோது, காஜா பயத்தில் இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். அப்படி உட்கார்ந்திருந்த நிலையில்தான் திரை தானாக அதைப் போட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவைக்குள் கேலரி இறங்கி ஓட ஆரம்பித்திருந்தது.

காயம்பட்டவர்கள் நிறையப் பேர். செத்தது ஒரே ஒருத்தி. கிழக்கு கேலரியின் படிக்கட்டில், மேலேயிருந்து வந்த நெரிசலில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் போன ஜெனிட்டா.

ஜெனிட்டா நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள். அரசு பஸ் டிரைவர் கஸ்பாருக்கும் ரெஜினாளுக்கும் ஒரே மகள். கஸ்பார் வடகரைக்காரர், ரெஜினாள் தென்கரையில் பிறந்தவள், மகளிடம் "நீ எந்தக் கரைட்டி?" என்று கேட்டால், "ஜெயிக்கிற கரை" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். கஸ்பாருக்குப் பந்து விளையாட்டில் துளியும் நாட்டமில்லை. ஒரு பந்துக்குப் பின்னால் இத்தனை பேர் ஏன் ஓடுகிறார்கள் என்று அவர் உண்மையாகவே யோசித்ததுண்டு. மகளை அடக்கம் செய்து, துக்கம் கேட்க வந்தவர்கள் வருவதும் நின்ற பிறகு, வீட்டில் இருக்க முடியாமல் மறுபடி டியூட்டிக்குப் போனார்.

அதற்குள் திரை ஊரின் அன்றாடத்தில் ஒரு பொருளாகிவிட்டிருந்தது. மின்வாரியத்துக்காரர்கள் வந்து பார்த்து, கரண்ட் இணைப்பே இல்லாத ஒன்றுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிப் போனார்கள். மேலே கருப்புத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். தார்ப்பாயின் மேலேயும் அதே பந்து அதே கம்பியில் பட்டு அதே கோட்டில் விழுந்தது. பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்தார், சுடலை கோயில் பூசாரி வந்து திருநீறு போட்டார், திரை இரண்டு பேருக்கும் பொதுவாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் பெண்கள் அதை வைத்தே நேரம் சொல்ல ஆரம்பித்தார்கள், "மூணு ரீப்ளே ஓடுறதுக்குள்ள பால் பொங்கிரும்" என்று. ஸ்டேடியம் நிறுத்தத்துக்கு ரீப்ளே ஸ்டாப் என்று பேர் வந்தது. சுண்டலும் மாங்காய்ப் பத்தையும் விற்கிறவர்கள் கடலோரத்தை விட்டு இங்கே இடம் பிடித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டு, "கோல்தான்" என்றும் "கோலே இல்லை" என்றும் ஆளுக்கொன்று சொல்லி, இருந்த சண்டைக்கு நெருப்பு மூட்டிவிட்டுப் போனார்கள். ஓடையைத் தாண்டி நிச்சயமாகியிருந்த கல்யாணங்கள் நின்றன. வடகரைப் படகுக்குத் தென்கரைக்காரன் ஐஸ் தர மறுத்தான். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஜெனிட்டாவுக்கு இரண்டு கரையும் சேர்ந்து வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரின் மேல், பந்தைப் பெரிதாகப் போட்டு அம்புக்குறி வரைந்த பேனர் ஒன்று வந்தது. அதன் மேல் இன்னொன்று வந்தது.

கஸ்பார் அந்தப் பக்கம் திரும்பாமல்தான் பஸ் ஓட்டினார். ஒரு நாள் ரீப்ளே ஸ்டாப்பில் ஒரு கிழவர் இறங்க நேரமானது. கஸ்பாரின் கண் தன்னையறியாமல் ஸ்டேடியத்தின் திறந்த பக்கம் போனது. பந்து வந்தது, கம்பியில் பட்டது. பந்தைப் பார்த்துப் பழக்கமில்லாதவர் என்பதால், அவர் கண் பந்தோடு போகாமல் அலைந்து திரையின் இடது ஓரத்துக்குப் போய்விட்டது. கோல்கம்பத்துக்குப் பின்னால், கிழக்கு கேலரியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ் வரிசையில், மஞ்சள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள் ஜெனிட்டா. இரண்டு விரல்களை வாயில் வைத்து விசிலடித்தாள். திரைக்குச் சத்தம் கிடையாது. கன்னம் உப்பி, கண் சுருங்கி, விசிலடித்து முடித்து, பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தாள். பிறகு மறுபடியும் பந்து வந்தது; மறுபடியும் அவள் பெஞ்சில் ஏறினாள்.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். கஸ்பார் பஸ்ஸை எடுக்கவேயில்லை.

அன்றிலிருந்து டியூட்டி முடிந்ததும் ஸ்டேடியத்துக்குப் போனார், டியூட்டிக்கு முன்னாலும் போனார், விடுமுறை நாளில் விடிந்ததும் போனார். ஆயிரம் பேர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஒருவர் மட்டும் இடது ஓரத்தைப் பார்த்தார். மகளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. அவளோடு அன்றைக்குப் போயிருந்த சிநேகிதி செல்வராணியை மார்க்கெட்டில் கண்டபோது, வெகு நேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"ஜெனிக்கு விசிலடிக்க யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தரல மாமா. ஹாஸ்டல் மொட்டை மாடியில நின்னு அவளா பழகுனா. உங்களுக்குத் தெரிஞ்சா ஏசுவியன்னு சொல்லவேண்டாம்னுட்டா." செல்வராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏசுவியளா மாமா?"

"ஏசியிருப்பேன்" என்றார் கஸ்பார்.

வீட்டில் ரெஜினாளைக் கூப்பிட்டார். "ஒரு தடவ வந்து பாரு. நம்ம பிள்ளதான். அப்பிடியே இருக்கா."

ரெஜினாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அடுத்த நிமிஷம் எங்க போய் விழப்போறான்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்சிக்கிட்டு அவ சிரிக்கிறத நான் எப்பிடிங்க பாக்கது? நீங்க போயிட்டு வாங்க."

அவர் போனார். போய்ப் போய், அவள் பெஞ்சில் எந்தக் காலை முதலில் வைக்கிறாள், துப்பட்டாவின் எந்த முனை காற்றில் தூக்குகிறது, சிரிக்கும்போது தலை எவ்வளவு சாய்கிறது என்பதெல்லாம் அவருக்குள் பாதையில் பதிந்த டயர்த் தடம்போல ஆழமாகிக்கொண்டே போயின. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அவள் ஒரே மாலை வெளிச்சத்தில் நின்றாள். கஸ்பார் முகத்தில் களை திரும்பியது. ஊரில் பார்த்தவர்கள், மனுஷன் தேறிவிட்டார் என்றார்கள்.

ஒரு சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை.

அவர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். கேலரிக்கு மேலே இருந்த தொட்டி திரைக்கு வெளியே போயிருந்தது. சில நாளில் மேல் வரிசையில் குடை வைத்திருந்த ஆளும் போனார். ஜெனிட்டா முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாள், அதனால் முதலில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் அவள் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே வருகிறாள் என்பது உறைத்தது. படம் பந்தை நடுவில் வைத்துக்கொண்டு பெரிதாகிக்கொண்டே போனது.

காஜா முகைதீன் வேலை போன பிறகும் ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தான். ஊரார் கேட்கும்போதெல்லாம் "நான் அமுக்கல, நான் அமுக்கல" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அதுவே பேச்சாகிவிட்டது. கஸ்பார் அவன் கையைப் பிடித்தார்.

"காஜா, படம் பெருசாகுதுலே. யாரு செய்யுதா?"

"நான் அமுக்கல அண்ணாச்சி."

"நீ அமுக்கலன்னு எனக்குத் தெரியும். எதனால ஆகுதுன்னு மட்டும் சொல்லு."

காஜா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். சாயங்காலக் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. பந்து கம்பியில் பட்டு இறங்கும் நேரம் வந்ததும், வடகரைக்காரர்களும் தென்கரைக்காரர்களும், வேறு எதற்கும் ஒன்றாகக் குரல் கொடுக்காதவர்கள், ஒரே தொண்டையாகக் கத்தினார்கள்: "இன்னும் கிட்ட! இன்னும் கிட்ட!"

"கேட்டியளா?" என்றான் காஜா. "தெனமும் கேக்காவ. அது குடுக்குது."

கஸ்பார் வடகரை அணித் தலைவர் லியோன் பர்னாந்தையும், தென்கரை மாசானமுத்துவையும் ஓடைப் பாலத்தில் வரச் சொன்னார். மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்த இரண்டு பெரிய மனிதர்களும், செத்துப்போன பிள்ளையின் தகப்பன் கூப்பிட்டதால் வந்தார்கள். பாலத்தின் இரண்டு முனையிலும் ஆட்கள் கூடினார்கள்.

"திரையில எம் பிள்ள இருக்கா" என்றார் கஸ்பார். "இடது ஓரத்துல. நீங்க யாரும் பாத்திருக்க மாட்டிய. கிட்ட கிட்டன்னு நீங்க கத்தக் கத்த அவ வெளிய போயிட்டிருக்கா. கத்தாம இருங்க. உங்க கால்ல விழுதேன்."

லியோன் பர்னாந்து பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தார். "என்ன பேச்சு அண்ணாச்சி இது, கால்ல விழுறதுன்னு. உங்க மக எங்க மக இல்லியா? அவளுக்காகத்தான நாங்க இவ்வளவு பாடுபடுறது. பந்து கோட்டத் தாண்டலன்னு தெளிவாயிட்டா அந்தப் பிள்ள ஆத்துமாவுக்கு ஒரு நீதி கெடைக்கும்லா."

"தாண்டிச்சின்னு தெளிவானாத்தான் நீதி" என்றார் மாசானமுத்து. "ஆனா ஒண்ணு வே, உண்மை வெளிய வரணுங்கிறதுல எங்களுக்கும் வடகரைக்கும் ரெண்டு கருத்து கெடையாது. அந்தப் புள்ள அந்த கோலுக்காகத்தான் செத்துது."

"கோலுக்காகச் சாகல" என்றார் கஸ்பார். "படிக்கட்டுல விழுந்து செத்தா. நீங்க எல்லாரும் அவ மேல ஏறி ஓடுனிய."

மாசானமுத்து துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். லியோன் பர்னாந்து கீழே பார்த்தபடி, நாளையிலிருந்து யாரும் கத்தமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார், மாசானமுத்துவும் கொடுத்தார். இரண்டு கரையும் சேர்ந்து எடுத்த ஒரே முடிவு அதுதான் என்று ஊரில் பிற்பாடு பெருமையாகச் சொல்வார்கள்.

வாக்கை எல்லோரும் காப்பாற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் என்றுமில்லாத கூட்டம். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அதுகளின் வாயில் பலகாரத்தைத் திணித்துக்கொண்டு நின்றார்கள். சுண்டல்காரர் கூட அன்று கூவி விற்கவில்லை. கஸ்பார் நன்றியோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பந்து கம்பியில் பட்டு இறங்கியது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். படம், கத்திய நாட்களிலெல்லாம் நகர்ந்ததைவிட அதிகமாக, ஒரே எட்டில் முன்னால் வந்தது. ஜெனிட்டாவின் சிநேகிதி போனாள். பெஞ்சு போனது. ஜெனிட்டாவின் பாதி முகம் போனது. ஒரு கண்ணும், வாயில் வைத்த இரண்டு விரலும், முழங்கையும் மிஞ்சின.

கஸ்பார் யாரையும் கோபிக்கவில்லை. யாரைக் கோபிப்பது? பக்கத்தில் நின்றவர் இரக்கத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்துக்கொண்டே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை, டியூட்டிக்கும் போகவில்லை. திரைக்கு அடியில், இடது ஓரத்துக்கு நேராக, அண்ணாந்தபடி நின்றார். காஜா டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பான். அவள் கண் திரையைவிட்டுப் போன அன்று அவர் விரல்களைப் பார்த்தார். விரல்கள் போன அன்று முழங்கையைப் பார்த்தார். முழங்கையில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, அவள் சைக்கிள் பழகும்போது பட்டதாக இருக்கும்.

அந்த முழங்கையும் ஒரு கீற்றாகச் சுருங்கியிருந்த காலையில் ரெஜினாள் வந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. கஸ்பார் அவள் தோளைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினார். "அந்தா பாரு. ஓரத்துல. இன்னிக்கி விட்டா இல்ல. பாரு ரெஜினா."

அவள் திரையைப் பார்க்கவில்லை. தாடி மண்டி, உதடு வெடித்து, கழுத்து மேல்நோக்கியே நின்றுபோன தன் புருஷனைத்தான் பார்த்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். "சோறு வடிச்சி வச்சிருக்கேன்."

"ஒரே ஒரு தடவ பாரு."

"பாத்தாச்சு" என்றாள் ரெஜினாள், அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவர் திரும்பியபோது கீற்று இல்லை.

அதன் பிறகு படத்தைத் தடுக்க எதுவும் இல்லை. கோல்கீப்பர் போனான், கம்பி போனது, வலை போனது. பந்தும் கோடும் மட்டும் மிஞ்சின. பந்து ஒரு வீடளவு ஆனது, கோடு ஒரு தெருவளவு ஆனது. ஊர் தின்னாமல் தூங்காமல் காத்திருந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடைசியில், பந்தின் விளிம்பும் கோட்டின் விளிம்பும் தொடுகிறதா விலகுகிறதா என்று தெரியவேண்டிய அந்த இடம் திரை முழுவதையும் நிரப்பியபோது, அங்கே வெள்ளை மட்டும் இருந்தது. பந்தும் வெள்ளை, கோடும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தில் யாரோ ஒருவர், "ரொம்பக் கிட்ட போயிட்டுவே, கொஞ்சம் தள்ளிப் போவச் சொல்லுங்க" என்றார். அது சரியென்று எல்லோருக்கும் பட்டது. "தள்ளி! தள்ளி!" என்று இரண்டு கரையும் கத்தின. ரெஜினாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்திருந்த கஸ்பார், சத்தம் கேட்டு, பாலம் தாண்டி ஓடிவந்து, வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தினார்: "தள்ளிப் போ! தள்ளிப் போ!" அவர்கள் பந்துக்காகக் கத்தினார்கள், அவர் அவளுக்காகக் கத்தினார், கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே கூச்சல்தான். எல்லோருக்கும் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். திரைக்குக் கிட்டே வரத் தெரிந்திருந்தது, திரும்பிப் போகத் தெரியவில்லை.

திரை இன்னும் வெள்ளையாகத்தான் எரிகிறது. தென்கரைக்காரர்கள் அது பந்தின் வெள்ளை என்கிறார்கள், வடகரைக்காரர்கள் கோட்டின் வெள்ளை என்கிறார்கள். சண்டை அப்படியே இருக்கிறது. வலை பின்னுகிறவர்கள் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

கஸ்பார் வேறு தடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ரெஜினாள் குழம்பை ஊற்றிக்கொண்டே, நெடுநாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள்.

"நெத்திலிக் குழம்பு வச்சா தலைய எல்லாம் கிள்ளி உங்க தட்டுல தள்ளிவிடுவாளே, ஞாபகம் இருக்கா?"

கஸ்பார் யோசித்தார். மகளைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துப் பார்க்க முயன்றார். மஞ்சள் துப்பட்டாவோடு அவள் பெஞ்சில் ஏறினாள். அதை விலக்கிவிட்டு, சின்னப் பிள்ளையாக, பள்ளிக்கூடச் சீருடையில், காய்ச்சலில் படுத்தவளாக, அவர் தோளில் தூங்கியவளாக, எப்படியெல்லாமோ கூப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் பெஞ்சில் ஏறி, விரலை வாயில் வைத்து, ஓரத்தை நோக்கி நகர்ந்து, வெள்ளைக்குள் போனாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவருக்குள் வேறு ஜெனிட்டா ஒருத்தியும் இல்லை.

"என்னங்க, ஞாபகம் இல்லியா?"

"நீ சொல்லு" என்றார் கஸ்பார்.

ரெஜினாள் சொல்ல ஆரம்பித்தாள். மகள் பால் பல் விழுந்ததற்கு அழுதது, கம்மலைத் தொலைத்துவிட்டு ஒளிந்துகொண்டது, ஊசி போடப் பழகவேண்டும் என்று ஆரஞ்சுப் பழத்தைக் குத்திக் குத்தி வீணாக்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். கஸ்பார் சோற்றைப் பிசைந்தபடி, அங்கங்கே தலையை ஆட்டி, யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்பதைப்போல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.